டேங்கிலிருந்து தொடங்கிய வேலை: சூப்பர்சார்ஜ் கொரோலாவை எத்தனாலுக்கு மாற்றியது

என்ஜின் ஓடவில்லை. ரிலே சாக்கெட்டில் ஒரு ஜம்பர் வயரைச் சொருகி எரிபொருள் பம்ப்பை மட்டும் ஓடவிட்டிருந்தேன். எரிபொருள் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் ரெகுலேட்டரின் வேக்கூம் குழாய் கழன்று தொங்கியது. 3 பாரில் நிற்க வேண்டிய அழுத்தக் கேஜின் முள் 4.2-இல் நின்றது. ரெகுலேட்டர் திருகை முழுக்கத் தளர்த்தியும் அசையவில்லை. புது பம்ப், புது ரெகுலேட்டர், மூன்று வாரச் சனி ஞாயிறு எல்லாம் போட்ட பிறகு வந்து நின்ற இடம் இது. இந்த ஒரு முள்ளைச் சரிசெய்யப் போய்த்தான் மொத்த வேலையும் எனக்குப் புரிந்தது. அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

கார் 1990-களின் டொயோட்டா கொரோலா, ஏஇ101. ஊர் மலேசியாவின் சுங்கை சிப்புட், ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில். தோட்டத்து லயத்தை விட்டு வந்தபோது அப்பா வாங்கிய தரை வீட்டின் பக்கவாட்டில் ஒரு தகரப் பந்தல் இருக்கிறது. அதுதான் என் பட்டறை. என்ஜின், ஜப்பானிலிருந்து வந்த ஹாஃப்கட்டில், அதாவது பாதியாக அறுத்த பழைய காரில், எடுத்த 4ஏ-ஜிஇசட்இ. 1,587 சிசி, கம்ப்ரஷன் 8.9, தலைமேல் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், பக்கத்தில் என்ஜினுக்குக் கூடுதல் காற்றைத் தள்ளும் எஸ்சி12 சூப்பர்சார்ஜர். என்ஜின் மாற்றத்தைச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே-யில் பதிந்து, புஸ்பாகோம் வாகனப் பரிசோதனை முடித்து, கார் பதிவு ஆவணமான கிராணில் புது எண் ஏறிய பிறகுதான் மற்ற எதையும் தொட்டேன். நீங்களும் அந்த வரிசையிலேயே போங்கள்.

எத்தனால் ஏன் என்று பலர் கேட்டார்கள். எஸ்சி12 ரூட்ஸ் வகை. ஒரு சுற்றுக்கு 1.2 லிட்டர் காற்றை அள்ளித் தள்ளும். ஆனால் காற்றைத் தனக்குள் அழுத்தாது. என்ஜினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டில் காற்று குவியும்போதுதான் அழுத்தம் உண்டாகிறது, கூடவே வெப்பமும் உண்டாகிறது. சின்ன புல்லி போட்டு 0.8 பார் பூஸ்ட், அதாவது கூடுதல் காற்றழுத்தம், வைத்திருந்தேன். நம் ஊரில் மத்தியானம் 33, 34 டிகிரி. இன்டர்கூலரும் என்ஜினின் சூட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. உள்ளே போகும் காற்று 68 டிகிரியைத் தொட்டதை என்ஜின் கம்ப்யூட்டரின் பதிவில் பார்த்தேன். அந்தச் சூட்டில் ரோன் 97 பெட்ரோல் தாங்கவில்லை, கலவை தானாக வெடிக்கும் நாக் வந்தது. இக்னிஷனை, அதாவது பிளக்கில் பொறி விழும் நேரத்தை, பின்னால் இழுத்து இழுத்து, 6,500 ஆர்பிஎம்மில் 17 டிகிரிக்குக் கொண்டுவந்து ஓட்டினேன். பூஸ்ட் இருந்தும் காரில் உயிர் இல்லை.

நாக்கை எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் ஆக்டேன் எண் எத்தனாலுக்கு 108-ஐ ஒட்டியது. அதைவிட முக்கியம், ஒரு கிலோ எத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைப்போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். அதோடு நாம் ஊற்றும் அளவும் அதிகம். பெட்ரோல் என்றால் ஒரு பங்கு எண்ணெய்க்கு, அதாவது எரிபொருளுக்கு, 14.7 பங்கு காற்று வேண்டும். 85 சதவீதம் எத்தனால் கலந்த இ85-க்குச் சுமார் 9.8 போதும். அதாவது அதே காற்றுக்கு எடைக்கணக்கில் ஒன்றரை மடங்கு எண்ணெய். இன்டர்கூலர் செய்ய முடியாத வேலையை எண்ணெயே செய்துவிடுகிறது.

ஒன்றரை மடங்கு என்ற அந்த இடத்தில்தான் கணக்கும் தொடங்குகிறது. இதைப் போடாமல் யாரும் பொருள் வாங்கக் கூடாது. என் இலக்கு என்ஜினில் 200 குதிரைத்திறன். சூப்பர்சார்ஜ் என்ஜின் பெட்ரோலில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 270 கிராம் குடிக்கும் என்று வைத்தேன். 54 கிலோ, அதாவது மணிக்கு 73 லிட்டர். எண்ணெயைப் பீய்ச்சும் நான்கு இஞ்செக்டருக்குப் பிரித்தால் ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 304 சிசி. பழைய இஞ்செக்டர் 365 சிசி. அதில் 83 சதவீதம். சரி, பெட்ரோலுக்கு விளிம்பில் தாங்கும். இ85-க்கு 390 கிராம் என்று வைத்தால் 78 கிலோ, மணிக்கு 100 லிட்டர், ஒரு இஞ்செக்டருக்கு 417 சிசி. 365-ஐத் தாண்டிவிட்டது. இஞ்செக்டரை மூடவே விடாமல் திறந்து வைத்தாலும் போதாது. 650 சிசி வாங்கினேன். 64 சதவீதத்தில் வேலை முடிந்துவிடும்.

இதே கணக்கு பம்ப்புக்கும் வழி சொல்லியது. மணிக்கு 100 லிட்டர், 3.8 பார் அழுத்தத்தில். 265 லிட்டர் பம்ப் தாராளம். ஆனால் நான் 450 லிட்டர் பம்ப்பை வாங்கினேன். பெரியதாக இருந்தால் பிற்பாடு உதவும், விலை வித்தியாசமும் அதிகமில்லை என்று நினைத்தேன். அந்த 4.2 பார் அங்கேதான் தொடங்கியது. அதற்கு வருகிறேன்.

முதலில் டேங்க். இறக்கும்போது அப்பாவும் வந்து ஒரு பக்கம் பிடித்தார். அவர் முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். பம்ப்பிலிருந்து வரும் பழைய ஹோஸைக் கையில் வாங்கி, இரண்டாக மடக்கி, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். மடிப்பில் மயிரிழை போல வெடிப்புகள். “ரப்பர் செத்துப்போச்சுடா. இதுல எதையும் விடாத” என்றார். இது நம் மரத்துப் பால் இல்லை, நைட்ரில் என்ற செயற்கை ரப்பர். இயற்கை ரப்பர் பெட்ரோலில் ஊறிப் பெருத்துவிடும். ஆனால் அவர் சொன்னது நைட்ரிலுக்கும் பொருந்தும். இருபது முப்பது வருஷம் பெட்ரோலில் கிடந்த நைட்ரிலில் எத்தனாலை விட்டால், அதன் நெகிழ்வுக்காகச் சேர்த்த பொருள்கள் கரைந்து வெளியேறும்; ஹோஸ் விறைத்து வெடிக்கும். அன்று அறுத்துத் தூக்கிப்போட்ட ரப்பர் துண்டுகள் ஒரு பக்கெட் நிறைய இருந்தன.

வெளி ஓட்டம் முழுவதும் டெஃப்லான் ஹோஸ், மேலே எஃகுப் பின்னல், ஏஎன்-6 என்ற குழாய் அளவு. வாங்கும்போது உள்பக்கம் கறுப்பாக, கார்பன் கலந்த டெஃப்லானா என்று கேட்டு வாங்குங்கள். எண்ணெய் வேகமாக ஓடும்போது உண்டாகும் நிலைமின்சாரம் அதில் வழிந்து போய்விடும். வெள்ளை டெஃப்லானில் அது தேங்கி, ஊசித்துளை போட்டுவிடும். டேங்குக்குள் இருக்கும் சின்னத் துண்டு ஹோஸ் வேறு கதை. வெளியே போடும் நல்ல ஹோஸைக்கூட எண்ணெய்க்குள் முழுகவிடக் கூடாது, அதன் மேல்தோல் அதற்காகச் செய்ததில்லை. முழுகிக் கிடக்கவென்றே உள்ள ஹோஸில் எஸ்ஏஇ 30ஆர்10 என்று அச்சிட்டிருக்கும். ஒரு அடி வாங்கினேன். விலை கேட்டதும் கை கொஞ்சம் தயங்கியது. ஆனால் அந்த ஒரு அடி கிழிந்தால் அழுத்தம் டேங்குக்குள்ளேயே ஒழுகும்; வெளியே ஒரு சொட்டும் தெரியாது.

டேங்கின் அடியில் பழுப்பு நிற அரக்கு போல ஒரு படிவு. கழுவினேன், இரண்டு முறை. போதும் என்று நினைத்தேன்.

எத்தனாலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் பெட்ரோல் நிலையங்களில் 95, 97, சில இடங்களில் 100, அவ்வளவுதான். தாய்லாந்தில் நிலையத்திலேயே இ20, இ85 விற்றார்கள்; இங்கே இல்லை. பந்தய எண்ணெய் விற்பவரிடம் 20 லிட்டர் சீல் டின்னாகக் கோலாலம்பூரிலிருந்து எடுத்து வருகிறேன். முதல் டின்னைப் பந்தலில் திறந்த அன்று அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தார். “என்னா வாடைடா இது? சம்சு மாதிரி அடிக்குது!” முகம் வெளுத்திருந்தது. எங்கள் லயத்தில் சம்சு என்ற மலிவுச் சாராயத்தால் அழிந்த குடும்பங்களை அம்மா பார்த்திருக்கிறார்; அவருடைய அண்ணனும் அப்படித்தான் போனார். 2018 செப்டம்பரில் சிலாங்கூர் பக்கம் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்துப் பலர் செத்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். இந்த டின்னில் இருப்பது குடித்தால் ஆளைக் கொல்லும் பொருள், வாடை மட்டும் சாராயம். அன்றைக்கே ஒரு இரும்புப் பெட்டி, பூட்டு, தமிழிலும் மலாயிலும் பெரிய எழுத்தில் ‘விஷம்’ என்ற சீட்டு. மிச்சம் வந்ததைத் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வைக்கவே மாட்டேன். தோட்டத்துப் பட்டணத்தில் இந்த வேலையைச் செய்பவர்கள் இதை முதல் வேலையாக வையுங்கள்.

தீயும் அப்படித்தான். எத்தனால் தீ வெயிலில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. தூள் வகைத் தீயணைப்பான் ஒன்று கை எட்டும் தூரத்தில் தொங்குகிறது; பேட்டரியைக் கழற்றாமல் எந்த இணைப்பையும் திறப்பதில்லை.

சரி, பம்ப். பழைய வயரிலேயே 450-ஐ ஓட்டிப் பார்த்தபோது பேட்டரியில் 13.6 வோல்ட், பம்ப் முனையில் 11.3. நடுவில் 2.3 வோல்ட் வயரிலேயே எரிந்து போகிறது. மின்வேலை தெரிந்த என் மச்சான் வந்து, பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர், பியூஸ், தனி ரிலே என்று இழுத்துக் கொடுத்தான். பழைய வயர் இப்போது ரிலேயை உசுப்ப மட்டும். பம்ப் முனையில் 13.4 வோல்ட். எர்த் வயரையும் புதிதாகப் போடச் சொன்னது அவன்தான், நான் மறந்திருப்பேன். பாடியில் பெயின்ட்டைச் சுரண்டி வெள்ளை இரும்பில் முறுக்கினான்.

அப்புறம்தான் அந்த 4.2.

ரெகுலேட்டர் கெட்டது என்றே முதலில் முடிவுகட்டினேன். கழற்றிப் பிரித்தேன், உள்ளே டயஃப்ரம் நன்றாக இருந்தது. கேஜ் பொய் சொல்கிறதோ என்று இன்னொரு கேஜை மாட்டினேன், அதிலும் 4.2. ஒரு நாள் முழுவதும் போயிற்று. சாயங்காலம் மச்சான் தே தாரிக்கோடு வந்து உட்கார்ந்து, “தண்ணி டேங்குல பைப் பெருசு, வடிகால் சிறுசுன்னா என்ன ஆகும் மச்சான்?” என்று கேட்டான். அவ்வளவுதான்.

ரெகுலேட்டர் எப்படி வேலை செய்கிறது என்பதை இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். பம்ப் தன்னால் முடிந்ததையெல்லாம் முன்னே தள்ளிக்கொண்டே இருக்கும். என்ஜின் வேண்டியதை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை ரெகுலேட்டர் ஒரு கதவைத் திறந்து டேங்குக்குத் திருப்பி அனுப்பும். எவ்வளவு திருப்பி அனுப்புகிறதோ அதை வைத்துத்தான் அழுத்தத்தைப் பிடிக்கிறது. ஐடிலில் என்ஜின் குடிப்பது மணிக்கு இரண்டு மூன்று லிட்டர். 450 லிட்டர் பம்ப்பின் மிச்சம் முழுவதும் ரிட்டர்ன் வழியாகத்தான் போக வேண்டும். என் ரிட்டர்னோ தொழிற்சாலை போட்ட மெல்லிய இரும்புக் குழாய். ரெகுலேட்டர் கதவை முழுக்கத் திறந்து வைத்திருக்கிறது. அதற்கு அப்பால் வழி இல்லை. திருகைத் தளர்த்தி என்ன பயன்?

சோதித்துப் பார்க்க, ரெகுலேட்டரிலிருந்து வரும் ரிட்டர்னைக் கழற்றி, அகன்ற ஹோஸ் வழியாக ஒரு எர்த் போட்ட இரும்பு ஜெர்ரிக்கேனில் விட்டோம். திறந்த வெளியில், என்ஜின் அணைத்து, தீயணைப்பானைப் பிடித்துக்கொண்டு மச்சான் பக்கத்தில். பம்ப்பை நான்கு விநாடி ஓட்டினேன். 3.0. திருகைத் திருப்பினால் 2.8, 3.2, சொன்ன பேச்சு கேட்டது.

ஏஎன்-6 அளவில் புது ரிட்டர்ன் இழுத்தேன். முள் 3.6-க்கு இறங்கியது, 3-க்கு வரவில்லை. அந்த ராத்திரி தூங்கவே இல்லை. காலையில் பம்ப் தொங்கும் மூடியைத் திரும்ப எடுத்துப் பார்த்தால், ஹோஸை எவ்வளவு பெருக்கினாலும் கடைசியில் மூடியில் பற்றவைத்திருக்கும் ரிட்டர்ன் முனையின் துளை 5 மில்லிமீட்டர்கூட இல்லை. குடத்தின் கழுத்து அங்கே இருந்தது. பழைய முனையை அடைத்து, மூடியில் துளை போட்டு, ஏஎன்-6 முனையை ஈப்போவில் டிக் வெல்டிங் செய்யத் தெரிந்த ஒரு தவ்க்கேயிடம், அதாவது பட்டறை முதலாளியிடம், ஒட்டி வாங்கினேன். டேங்கில் வெல்டிங் இல்லை. கழற்றிக் கழுவிக் காயவைத்த மூடியில் மட்டும். திரும்ப மாட்டியதும் 3.0.

அதோடு நிற்கவில்லை. 450 பம்ப் 13 ஆம்பியர் இழுத்தது. மணிக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் எண்ணெய் சூடான என்ஜின் பக்கம் போய்ச் சும்மா திரும்பி வந்து டேங்கைச் சூடாக்கியது. ஒரு மணி நேரம் ஓட்டினால் டேங்கின் அடியைத் தொட முடியவில்லை. அதைக் கழற்றி விற்றுவிட்டு, எத்தனாலுக்கு ஏற்ற 265 லிட்டர் பம்ப்பைப் போட்டேன். கணக்கு முதல் நாளே சொன்ன பம்ப். பெரிய ரிட்டர்னை அப்படியே வைத்துக்கொண்டேன்.

இஞ்செக்டர் மாட்டியது அரை மணி நேர வேலை. ஓரிங்குகளை எத்தனால் தாங்கும் வகையாக மாற்றினேன், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ, நாமே டியூன் செய்யக்கூடிய ஸ்டாண்டலோன் வகை, ஏற்கெனவே காரில் இருந்தது. ரிட்டர்ன் லைனில், எண்ணெயில் எவ்வளவு எத்தனால் என்று அளக்கும் ஃப்ளெக்ஸ் சென்சார் ஒன்றைப் பொருத்தினேன். எத்தனால் இல்லாதபோது 50 ஹெர்ட்ஸ், முழு எத்தனாலுக்கு 150 ஹெர்ட்ஸ் என்று அது ஈசியூவுக்குச் சொல்லும். டின்னில் வாங்கி ஓட்டும் நமக்கு இது ஆடம்பரம் இல்லை. பினாங்குக்குப் போனால் வழியில் ரோன் 97-தான் கிடைக்கும். 20 லிட்டர் டின் எண்ணெயோடு 25 லிட்டர் 97 ஊற்றினேன். 85 ஹெர்ட்ஸ், 35 சதவீதம். டியூன் தானாக நடுவில் வந்து நின்றது.

சென்சாரை நம்புவதற்கு முன் கண்ணாடிக் குழாயிலும் சோதிப்பேன். 100 மில்லி அளவு குழாயில் 10 மில்லி தண்ணீர், 90 மில்லி எண்ணெய். குலுக்கி வைத்தால் எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கும், பெட்ரோல் மேலே நிற்கும். கீழ்ப்பகுதி 81 மில்லியில் நின்றது. 10-ஐக் கழித்தால் 71. 90-இல் 71 என்றால் 79 சதவீதம். டின்னில் 85 என்று எழுதியிருந்தது. சென்சார் 129 ஹெர்ட்ஸ் காட்டியது, அதுவும் 79. டின்னில் எழுதியதை வைத்து டியூன் செய்திருந்தால் கலவை தவறியிருக்கும்.

சக்தியை அளக்கும் டைனோவில் காரை ஏற்றிய நாள்தான் டேங்க் படிவு தன் வேலையைக் காட்டியது. மூன்றாவது ஓட்டத்தில் 6,200 ஆர்பிஎம்மில் காற்று-எண்ணெய் விகிதத்தைச் சொல்லும் லாம்டா 0.80-இலிருந்து 0.91-க்குத் தாவியது, அதாவது எண்ணெய் குறைந்தது. எரிபொருள் அழுத்தம் 0.6 பார் விழுந்தது. ஈசியூவில் நான் வைத்திருந்த பாதுகாப்பு உடனே வெட்டியது. இல்லையென்றால் பிஸ்டன் உருகியிருக்கும். 10 மைக்ரான் ஃபில்டரைத் திறந்தால் வலை முழுவதும் பழுப்புக் களி. எத்தனால், இருபது வருஷ அரக்கைக் கரைத்து எடுத்து வந்து அங்கே கொட்டியிருக்கிறது. நல்லவேளை, காகித ஃபில்டர் போடவில்லை. எஃகு வலை என்பதால் கழுவி மாட்ட முடிந்தது. அடுத்த 500 கிலோமீட்டருக்குள் இன்னும் இரண்டு முறை கழுவினேன், மூன்றாவது முறை சுத்தமாக வந்தது. எத்தனாலுக்கு மாறுபவர்கள் முதல் மாதம் அழுத்த கேஜ் இல்லாமல் முழு பூஸ்ட்டில் மிதிக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

டியூன் செய்யும்போது லாம்டாவில் மட்டும் பேசுங்கள். பெட்ரோல் அளவுகோலில் இருக்கும் கேஜ் எத்தனாலிலும் 0.80 லாம்டாவை 11.8 என்றே காட்டும். உள்ளே உண்மையில் நடப்பது வேறு விகிதம். அதைப் பார்த்துக் குழம்பியவர்களை எனக்குத் தெரியும். பூஸ்ட் அதே 0.8. இக்னிஷன் 17-இலிருந்து 23 டிகிரி வரை போனது, நாக் இல்லை. காற்று வெப்பச் சென்சார் அதே 66, 68 தான் காட்டியது. குளிர்ச்சி நடப்பது அதற்கு அப்பால், வால்வின் வாசலில். சக்கரத்தில் 141-இலிருந்து 164 குதிரைத்திறன். எண்ணைவிட எனக்குப் பிடித்தது, பத்தாவது ஓட்டமும் முதல் ஓட்டத்தைப் போலவே இருந்தது. பெட்ரோலில் மூன்றாவது ஓட்டத்திலேயே சூட்டில் துவண்டுவிடும்.

குடிப்பதும் அதிகம். லிட்டருக்கு 9 கிலோமீட்டர் கொடுத்த கார் இப்போது 6.5 கொடுக்கிறது. பிளக் ஒரு படி குளிர்ந்த வகை, இடைவெளி 0.8 மில்லிமீட்டர். என்ஜின் ஆயிலை 4,000 கிலோமீட்டரில் மாற்றிவிடுகிறேன். குளிர்ந்த என்ஜினில் எரியாத எத்தனால் ஆயிலில் இறங்குகிறது, மூடியைத் திறந்தால் மூக்குக்கே தெரியும்.

ஊரில் காலையில் ஒரு சுற்றில் ஸ்டார்ட் ஆகும். தீபாவளி லீவில் சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்கு ஏறி, தானா ராத்தாவில் இரவு நிறுத்தினேன். விடியற்காலை 16 டிகிரி. ஆறு விநாடி சுற்றியும் பிடிக்கவில்லை. எத்தனால் குளிரில் சுலபமாக ஆவியாகாது. முதலில் பற்றுவது அதில் கலந்திருக்கும் அந்தக் கொஞ்சப் பெட்ரோல்தான். மடிக்கணினியை எடுத்து, ஸ்டார்ட் நேரத்து எண்ணெயை 60 சதவீதம் கூட்டினேன். நான்காவது முயற்சியில் பிடித்தது. அப்பா பின்சீட்டில் போர்வைக்குள் இருந்தபடி, “மெதுவா, மெதுவா” என்று என்ஜினிடம் பேசிக்கொண்டிருந்தார்.

ஆறு மாதம் ஆனதும், போன வாரம் டேங்கில் பம்ப் தொங்கும் மூடியைத் திறந்தேன். உள்ளே முழுகியிருந்த ஹோஸை அப்பாவிடம் கொடுத்தேன். மடக்கிப் பார்த்து, தலையாட்டித் திருப்பிக் கொடுத்தார். பம்ப் முனையில் மின் இணைப்பு சுத்தம். டேங்க் அடி வெள்ளையாக இருக்கிறது. ஆனால் மூடியின் சீல் வளையம் பெருத்துவிட்டது. எடுக்கும்போது வந்தது, திரும்ப அதன் பள்ளத்தில் உட்கார மாட்டேன் என்கிறது, ஒரு விரல்கடை அகலம் வெளியே நிற்கிறது. வெயிலில் இரண்டு நாள் காயவைத்ததில் பாதி சுருங்கியது, அதை நம்பி மூட மனமில்லை. எத்தனால் தாங்கும் விட்டான் ரப்பரில் அதே அளவுக்கு வளையம் கேட்டு ஆர்டர் கொடுத்திருக்கிறேன். அது வரும்வரை கார் பந்தலில், டேங்க் காலியாக.